கருங்கழிவுநீர்

கேள்வி: காகித ஆலையில் கூழ் எடுத்தபின் மிஞ்சும் கழிவு என்ன ஆகிறது?
– வாசகர், சாலை, திருவனந்தபுரம்

பதில்: மரத்தில் ஏறத்தாழப் பாதியே காகித நாராகிறது; நார்களைப் பிணைத்து வைத்திருக்கும் லிக்னின் என்னும் பொருள், காஸ்டிக் சோடாவும் சோடியம் சல்ஃபைடும் சேர்த்து வேகவைக்கையில் கரைந்து கருங்கழிவுநீராக வடிகிறது. சாலைக் கடைத்தெருவில் பொட்டலம் கட்டும் பழைய செய்தித்தாள் மஞ்சளிப்பதும், அதன் கூழிலிருந்து நீக்கப்படாத லிக்னினின் வேலையே.

கழிவுநீர் என்ற பெயர் இதற்கு அவ்வளவாகப் பொருந்தாது. நீரை ஆவியாக்கிக் கெட்டியாக்கிக் கொதிகலனில் எரித்தால் நீராவியும் மின்சாரமும் கிடைப்பதோடு, அடியில் உருகித் தேங்கும் உப்பைக் கரைத்துச் சுண்ணாம்பு சேர்க்க, காஸ்டிக் சோடாவும் மீள்கிறது. அப்போது படியும் சுண்ணாம்புச் சேற்றையும் கொதிகலன் சாம்பலையும் கொண்டு கரூர் மாவட்டம் புகழூரில் டி.என்.பி.எல். காகித ஆலை சிமென்ட் தயாரிக்கிறது.

முறையாக மீட்கப்படாதவையே ஆற்றுக்குப் போகின்றன. கோழிக்கோடு மாவட்டம் மாவூரில், மூங்கிலிலிருந்து ரேயான் கூழ் எடுத்த குவாலியர் ரேயான்ஸ் ஆலையின் கழிவு சாலியாற்றில் கலந்ததை எதிர்த்து நெடுங்காலம் போராடிய, அக்கரையிலுள்ள வாழக்காட்டின் கே.ஏ. ரஹ்மான், 1999இல் புற்றுநோயால் மறைந்தார். ஆலை மூடப்பட்டது 2001இல்.