நாறாமல், குழையாமல்: காலிஃபிளவரை ஆவியில் வேகவைக்கும் முறை

கோலசிலாங்கூர், புக்கிட் ரோத்தான், பெஸ்தாரி ஜெயா வட்டாரத்திலிருந்து உணவு ஆலோசனைக்கு வருகிறவர்களில் பலர் நீரிழிவுக்காரர்கள். மலேசியாவின் 2019ஆம் ஆண்டு தேசிய சுகாதார ஆய்வின்படி, பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருந்தது. நம் இந்தியச் சமூகத்தில் இந்த விகிதம் இன்னும் அதிகம். “பொரித்ததைக் குறையுங்கள், காய்கறியை ஆவியில் வேகவைத்துச் சாப்பிடுங்கள்” என்று மருத்துவர் சொல்லி அனுப்புகிறார். எப்படி வேகவைப்பது என்று விளக்க அவருக்கு நேரம் இருப்பதில்லை.

வீட்டுக்குப் போய் இட்லிப் பானையில் காலிஃபிளவரை ஏற்றுகிறார்கள். கால் மணி நேரம் கழித்து மூடியைத் திறந்தால் வீடெங்கும் வாடை. தட்டில் இருப்பதோ தொட்டால் குழைகிறது. பிள்ளைகள் மூக்கைப் பொத்திக்கொள்கிறார்கள், வீட்டுக்காரர் தட்டைத் தள்ளிவைக்கிறார். அடுத்த வாரம் மறுபடியும் குவாலியில் எண்ணெய் காய்கிறது. வாழையிலைச் சாப்பாட்டுக் கடைகளில் மாவில் தோய்த்துப் பொரித்த காலிஃபிளவரைச் சாப்பிட்டுப் பழகிய நாக்குக்கு, ஆவியில் வெந்தது தண்டனையாகத் தோன்றுவதில் வியப்பில்லை. ஆனால் இந்த வாடையும் குழைவும் காலிஃபிளவரின் இயல்பு என்று நினைத்துவிடாதீர்கள். பெரும்பாலும் நாம் கூடுதலாக வைக்கும் ஐந்து, பத்து நிமிடங்கள்தான் காரணம்.

முட்டைக்கோசு, கடுகு, முள்ளங்கி ஆகியவற்றின் குடும்பத்தைச் சேர்ந்தது காலிஃபிளவர். இந்தக் குடும்பத்துக் காய்கள் எல்லாவற்றிலும் கந்தகச் சேர்மங்கள் உண்டு. அவற்றில் முக்கியமானவை குளுக்கோசினோலேட்டுகள் (செடி தன்னைப் பூச்சிகளிடமிருந்து காத்துக்கொள்ள உருவாக்கும் காரப் பொருள்கள்). சூடு நீடிக்க நீடிக்க, காயிலுள்ள கந்தகச் சேர்மங்கள் சிதைந்து ஹைட்ரஜன் சல்ஃபைடு (அழுகிய முட்டை வாடை தரும் வாயு) போன்றவை வெளிப்படுகின்றன. முட்டைக்கோசை வேகவைத்துச் சோதித்தபோது, ஐந்தாவது நிமிடத்துக்கும் ஏழாவது நிமிடத்துக்கும் இடையிலேயே இந்த வாயுவின் அளவு இரட்டிப்பானது. அப்படியென்றால் பதினைந்து நிமிடம் வெந்த காலிஃபிளவர் ஏன் வீட்டையே நிறைக்கிறது என்பது புரியும். குழைவதற்குக் காரணம் வேறு. காயின் செல்களை ஒன்றோடொன்று ஒட்டிவைத்திருப்பது பெக்டின் என்னும் பசைப்பொருள். சூட்டில் அது கரையத் தொடங்கும்போது காய் மென்மையாகிறது, அதற்குமேலும் கரைந்தால் உருக்குலைகிறது. காலிஃபிளவரில் இந்த இரண்டு கட்டங்களுக்கும் இடைவெளி சில நிமிடங்கள்தான்.

நம் பாட்டிமார் இதைச் சொல்லித் தராததற்கும் ஒரு காரணம் இருக்கிறது. காலிஃபிளவர் இந்தியாவுக்கே 1822இல்தான் வந்தது, அதுவும் வடக்கே சகரன்பூருக்கு. தமிழர் சமையலில் அதற்குப் பழைய பக்குவம் கிடையாது. தோட்டத்து லயன் வீடுகளின் பின்புறம் முருங்கை, கத்தரி, வெண்டை, பயற்றங்காய், மரவள்ளி எல்லாம் காய்த்தன. காலிஃபிளவர் காய்க்கவில்லை. பூ திரள்வதற்கு 15 முதல் 20 டிகிரி செல்சியஸ் குளிர்ச்சி வேண்டும், அந்தக் குளிர்ச்சி கேமரன் மலையில் உண்டு, செம்பனைக் காட்டில் இல்லை. மலேசியாவின் முதல் வணிகச் செம்பனைத் தோட்டமான தென்னமரம் 1917இல் உருவானதும் இந்த வட்டாரத்தில்தான். அங்கிருந்தும் சுற்றியுள்ள தோட்டங்களிலிருந்தும் வெளியேறித் தாமான் வீடுகளுக்குக் குடிவந்த குடும்பங்கள், காலிஃபிளவரைக் கடைச்சரக்காகவே அறிந்தார்கள். ஆகவே முருங்கைக்கீரையை வதக்கும் பக்குவம் கைவசம் இருக்கிறவர்கள்கூட இதில் தடுமாறலாம், அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

முதலில் வாங்கும் இடத்தில் கவனம் வேண்டும். கேமரன் மலையில் அறுத்த பூ மொத்தச் சந்தைக்குப் போய், அங்கிருந்து கடைக்கும் பாசார் மாலாமுக்கும் வந்து சேர்வதற்குள் வாடத் தொடங்கியிருக்கலாம். சீனாவிலிருந்து வருவது இன்னும் நீண்ட பயணம் செய்திருக்கும். அடியில் ஒட்டியிருக்கும் இலைகளைப் பாருங்கள். பச்சையாக, மொடமொடப்பாக இருந்தால் பூவும் புதியது. இலையை முழுவதும் நறுக்கிவிட்டிருந்தால் அடித்தண்டின் வெட்டுவாயைப் பாருங்கள். அது காய்ந்து பிளந்திருந்தால் பழைய சரக்கு. தூக்கினால் அளவுக்கேற்ற கனம் இருக்க வேண்டும். இலேசான மஞ்சள் நிறம் வெயில் பட்டதால் வந்தது, ஊதாச் சாயலும் தீங்கற்றது. சிறு பழுப்புப் புள்ளிகளைக் கத்தியால் சீவிவிட்டுச் சமைக்கலாம். தொட்டால் பிசுபிசுப்பு, மூக்கருகில் வைத்தால் புளித்த வாடை, கருப்பாகப் படர்ந்த பூஞ்சணம் ஆகியவை இருந்தால் விலை எவ்வளவு மலிந்தாலும் வேண்டாம். நம் சந்தைகளில் பூ நெருக்கமில்லாமல், காம்பு இளம்பச்சையாக நீண்டிருக்கும் ஒரு வகையும் கிடைக்கிறது. அது இனிப்பு கூடியது, சீக்கிரம் வெந்துவிடும். பின்னால் நான் சொல்லும் நேரத்தில் அதற்கு இரண்டு நிமிடம் குறைத்துக்கொள்ளுங்கள்.

புழு பயத்தால் பலர் காலிஃபிளவரைக் கொதிக்கும் மஞ்சள் நீரில் போட்டுப் பத்து நிமிடம் ஊறவைக்கிறார்கள். அங்கேயே பாதி வெந்துவிடுகிறது. அதன்பிறகு ஆவியில் ஏற்றினால் குழையாமல் என்ன செய்யும்? உள்ளே இருப்பது பெரும்பாலும் வைரமுதுகுப் பூச்சியின் சிறிய பச்சைப் புழு. மனிதருக்கு அதனால் ஆபத்து இல்லை. ஒரு புழுவைக் கண்டதற்காக முழுப் பூவையும் குப்பையில் போடத் தேவையில்லை. பூவை முதலில் துண்டுகளாகப் பிரித்துவிடுங்கள், முழுசாக ஊறவைத்தால் நடுப்பகுதிக்குத் தண்ணீர் போய்ச் சேராது. ஒரு லிட்டர் சாதாரணத் தண்ணீரில் ஒரு மேசைக்கரண்டி உப்பைக் கரைத்து, துண்டுகளைத் தலைகீழாகப் பத்து நிமிடம் அமிழ்த்திவையுங்கள். பிறகு ஓடும் குழாய் நீரில் விரலால் தேய்த்துக் கழுவுங்கள். பூச்சிமருந்து எச்சத்தை ஓரளவு குறைப்பதும் இந்தக் குழாய் நீர்தான். பாத்திரம் கழுவும் சவர்க்காரம், துணி வெளுக்கும் குளோரின் ஆகியவற்றைக் காய்கறியில் ஒருபோதும் பயன்படுத்தாதீர்கள்.

துண்டுகள் ஒரே அளவில் இருப்பது மிக முக்கியம். அகலம் ஏறத்தாழ 4 செண்டிமீட்டர் இருக்கட்டும். தடித்த காம்பு உள்ளவற்றின் காம்பில் மட்டும் கத்தியால் ஒரு கீறல் போடுங்கள், பூவும் காம்பும் ஒரே நேரத்தில் வேகும். நடுத்தண்டை எறிய வேண்டாம். தோலைச் சீவி, ஒரு செண்டிமீட்டர் கனத்தில் நறுக்கினால் அதுவே நல்ல பண்டம்.

இட்லிப் பானையில் மூன்று செண்டிமீட்டர் உயரத்துக்குத் தண்ணீர் போதும். தட்டைத் தண்ணீர் தொடக்கூடாது. தண்ணீர் தளதளவென்று கொதித்து, மூடியின் ஓரத்தில் ஆவி பீறிட்டு வந்த பிறகே காயை ஏற்றுங்கள். பச்சைத் தண்ணீரோடு சேர்த்து அடுப்பேற்றுவதுதான் நான் அதிகம் காணும் பிழை. கொதி வரும்வரை காய் வெதுவெதுப்பில் கிடக்கும், எப்போது வேகத் தொடங்கியது என்பதே தெரியாது. குழியுள்ள இட்லித் தட்டைவிடத் துளையிட்ட தட்டையான தட்டு நல்லது. துண்டுகளைக் காம்பு கீழே இருக்கும்படி ஒரே அடுக்காகப் பரப்புங்கள், இடையில் ஆவி புக வழி விடுங்கள். இரண்டு பூவை ஒன்றன்மேல் ஒன்றாகக் குவித்தால் கீழே குழையும், நடுவில் பச்சையாக நிற்கும். வீட்டில் ஆள் அதிகம் என்றால் இரண்டு தடவையாக வேகவையுங்கள். மூடியைச் சுத்தமான மெல்லிய துணியால் சுற்றிக் கட்டினால் மேலே படியும் நீர் காயின்மீது சொட்டாது. துணியின் நுனி அடுப்புத் தீயருகே தொங்காமல் மேலே முடிந்துவிடுங்கள்.

4 செண்டிமீட்டர் துண்டுக்கு ஆறு நிமிடம். கைப்பேசியில் மணி வைத்துக்கொள்ளுங்கள். ஐந்தாவது நிமிடத்தில் ஒரு காம்பைக் கத்தி நுனியால் குத்திப் பாருங்கள். சற்றே தடுத்துப் பிறகு உள்ளே இறங்கினால் அதுதான் பதம். தடையே இல்லாமல் இறங்கினால் நேரம் கடந்துவிட்டது. இறக்கியதும் அகலமான தட்டில் பரப்பி, மூடாமல் ஆறவிடுங்கள். அடுப்பை அணைத்துவிட்டுப் பானையிலேயே மூடிவைத்தால், உள்ளிருக்கும் சூட்டில் வெந்துகொண்டே இருக்கும்.

சோறு வேகும் மின் குக்கரின் மேல்தட்டில் வைக்கிறவர்கள் அரிசியோடு சேர்த்தே காயை வைத்துவிடுகிறார்கள். சோறு வேக அரைமணி நேரம் ஆகும், அதற்குள் காலிஃபிளவர் கூழாகிவிடும். சோற்றின் மேல் தண்ணீர் வற்றிக் குழி குழியாக ஆவி வரும் நேரத்தில் தட்டைச் சட்டென்று வைத்து மூடுங்கள். அங்கே ஆவி சற்று மெதுவானது, எட்டிலிருந்து பத்து நிமிடம் கொடுங்கள். விசில் குக்கர் இந்தக் காய்க்கு வேண்டவே வேண்டாம். உள்ளே சூடு 120 டிகிரியை எட்டும், ஒரு விசிலே அதிகம்.

சில குறுக்குவழிகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். அடித்தண்ணீரில் மஞ்சளும் உப்பும் போடுகிறார்கள். இரண்டும் ஆவியோடு மேலே ஏறாது, காயில் ஒட்டாது. நிறத்துக்காகவும் மென்மைக்காகவும் ஊறும் நீரில் சோடா மாவு சேர்ப்பது உண்மையிலேயே கெடுதல். காரத்தன்மையால் வெள்ளைப் பூ மஞ்சளாகும், பெக்டின் விரைவாகச் சிதையும், வைட்டமின் சி அழியும். நூறு கிராம் பச்சைக் காலிஃபிளவரில் ஏறத்தாழ 48 மில்லிகிராம் வைட்டமின் சி இருக்கிறது. பெரியவர் ஒருவருக்கு ஒருநாள் தேவையாக மலேசியப் பரிந்துரை கூறுவது 70 மில்லிகிராம். தண்ணீரில் அமிழ்த்தி வேகவைத்தால் இதில் கணிசமான பங்கு தண்ணீரோடு போய்விடும். ஆவியில் அந்த இழப்பு குறைவு.

உப்பை வெந்த பிறகு தூவுங்கள். ஒரு கரண்டி எண்ணெயில் கடுகு, காய்ந்த மிளகாய், கறிவேப்பிலை தாளித்து, காயைப் போட்டு ஒரு நிமிடம் புரட்டி, தேங்காய்ப்பூ சிறிது சேர்த்தால் பொரியல் ஆயிற்று. மிளகும் லீமாவ் கஸ்தூரிச் சாறும் மட்டும் போட்டாலும் போதும். புளிப்பு காயின் வெண்மையையும் காக்கும். “சுக்கு-சுக்கு செப்பாரோ” (கால், கால், பாதி) என்று சுகாதார அமைச்சு சொல்லும் தட்டில் பாதி காய்கறிக்கும் பழத்துக்கும் உரியது. தட்டில் அந்த இடத்தை நிரப்ப, இப்படி வெந்த காலிஃபிளவர் ஏற்றது. நூறு கிராமில் சுமார் 5 கிராம் மாவுச்சத்துதான். ஆனால் காலிஃபிளவர் சோற்றின் இடத்தைப் பிடிக்க வேண்டும். சோறு பழைய அளவிலேயே இருந்தால் சர்க்கரை அளவு குறையாது.

விடியுமுன் பெரட்டுக்குப் போகிறவர்களுக்கும் தொழிற்சாலை வேலைக்குக் கிளம்புகிறவர்களுக்கும் கட்டிக்கொடுக்கும் வீடுகளில், பக்குவமாக வெந்த காய்கூட டப்பாவில் கெட்டுப்போகிறது. சூட்டோடு அடைத்து மூடினால் உள்ளே வாடை தேங்கும், நீர் விட்டுப்போகும். ஒரு நிமிடம் முன்னதாகவே, அதாவது ஐந்து நிமிடத்தில் இறக்கி, ஆவி அடங்கும்வரை பரப்பி, சோற்றுக்குத் தனி டப்பா, காய்க்குத் தனி டப்பா என்று அடையுங்கள். தேங்காய் சேர்த்தால் நம் வெயிலில் சீக்கிரம் ஊசும். டப்பாவில் கட்டுவதற்கு மிளகும் எலுமிச்சையும் போதும். சமைத்து நான்கு மணி நேரத்துக்குள் சாப்பிட்டுவிட வேண்டும்.

மூடியைத் திறக்கும்போது முகத்துக்கு எதிர்ப்புறமாகச் சாய்த்துத் திறவுங்கள். ஆவி தோலில் பட்டு நீராகும்போது தன் வெப்பத்தை எல்லாம் அங்கேயே இறக்கிவிடும், அதனால் வெந்நீர் சுட்டதைவிடக் கொடிதாகச் சுடும். சுட்டுவிட்டால் பற்பசை, கிச்சாப், மாவு எதுவும் தடவாதீர்கள். குழாய் நீரில் இருபது நிமிடம் காட்டுங்கள். கொப்புளம் பெரிதாக எழுந்தாலோ, முகத்தில் பட்டிருந்தாலோ கிளினிக்குக்குச் செல்லுங்கள்.

காலிஃபிளவரைப் பற்றி உலவும் அச்சங்களில் பெரும்பாலானவை அளவுக்கு மீறியவை. தைராய்டு பிரச்சினை உள்ளவர்கள் பச்சையாக அதிகம் தின்னாமல், வேகவைத்துச் சாதாரண அளவில் சாப்பிடலாம். ‘கவுட்’ என்னும் மூட்டுவாதக்காரர்கள் இதிலுள்ள பியூரினை நினைத்து ஒதுக்குகிறார்கள். நோயைத் தூண்டுபவை இறைச்சியும் கடல் உணவும் மதுவும்தான், காய்கறிப் பியூரின் அப்படிச் செய்வதாகத் தெரியவில்லை. வார்ஃபரின் (இரத்தம் உறையாமல் தடுக்கும் மருந்து) எடுப்போர் வாரத்துக்கு வாரம் அளவைத் திடீரென்று கூட்டிக் குறைக்காமல் ஒரே சீராகச் சாப்பிட்டால் போதும். வாயு பிரச்சினை உள்ளவர்கள் ஒரு கைப்பிடியில் தொடங்கிப் பழக்கட்டும்.

உண்மையில் கவனமாக இருக்க வேண்டியவர்கள் சிறுநீரக நோயாளிகள். இரத்தத்தில் பொட்டாசியம் கூடியிருக்கிறது என்று மருத்துவர் சொல்லியிருந்தால், நான் இதுவரை விவரித்த முறை உங்களுக்குப் பொருந்தாது. ஆவியில் வைட்டமின் தங்குவது போலவே பொட்டாசியமும் தங்கிவிடும். நீங்கள் காலிஃபிளவரைச் சிறிதாக நறுக்கி, நிறையத் தண்ணீரில் வேகவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட வேண்டும். அந்த நீரில் சூப்போ ரசமோ வைக்காதீர்கள். எவ்வளவு சாப்பிடலாம் என்பதை உங்கள் இரத்தப் பரிசோதனைத் தாளோடு மருத்துவமனை உணவியலாளரிடம் கேட்டு முடிவு செய்யுங்கள். டயாலிசிஸ் செய்துகொள்ளும் தாய் தந்தையர் வீட்டில் இருந்தால் அவர்களுக்கு இப்படித் தனியாக வேகவையுங்கள், மற்றவர்களுக்கு ஆவியே இருக்கட்டும்.