பொன்முடி மலைப்பாதையில் கைபேசி கைமாறும் விதம்

திருவனந்தபுரத்திலிருந்து நெடுமங்காடு, விதுரை வழியாகச் செல்லும் சாலை கல்லாற்றைக் கடந்த பின்னரே உண்மையான மலைப்பாதையாகிறது. கடல் மட்டத்திற்கு மேல் ஏறத்தாழ 1100 மீட்டர் உயரத்திலுள்ள பொன்முடியை அடைவதற்குள் பேருந்து 22 கொண்டையூசி வளைவுகளில் திரும்பியாக வேண்டும். இத்தகைய பாதையில் கைபேசியில் பேசிக்கொண்டே செல்பவரின் பேச்சு ஏதேனும் ஒரு வளைவில் சட்டென்று அறுந்துபோவதுண்டு. அவர் கருவியை நொந்துகொள்கிறார். பெரும்பாலும் குற்றம் கருவியினுடையது அன்று; ஒரு கோபுரத்தின் பொறுப்பிலிருந்து மற்றொரு கோபுரத்தின் பொறுப்பிற்கு அது ஒப்படைக்கப்படும் முறையில்தான் தவறு நேர்ந்திருக்கும். இம்முறைக்குக் கைமாற்றம் என்று பெயர்.

நிலப்பரப்பைச் சிறு சிறு அறைகளாகப் பகுத்து, ஒவ்வோர் அறைக்கும் ஒரு வானொலி நிலையம் அமைத்தால் ஒரே அதிர்வெண்ணை மீண்டும் மீண்டும் பயன்படுத்தலாம் என்ற கருத்தை 1947-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தைச் சேர்ந்த டி. எச். ரிங் எழுதிவைத்தார். இவ்வறையே 'செல்' எனப்படுவது. பேச்சு அறாமல் ஓர் அறையிலிருந்து அடுத்த அறைக்கு மாற்றித்தரும் இணைப்பு முறைக்கு அதே ஆய்வுக்கூடத்தைச் சேர்ந்த ஏமஸ் ஜோயல் 1972-இல் காப்புரிமை பெற்றார். இந்தியாவில் முதல் கைபேசி உரையாடல் 1995 ஜூலை 31-ஆம் நாள் கல்கத்தாவிற்கும் டெல்லிக்கும் இடையே நிகழ்ந்தது.

கைமாற்றம் நடைபெறும் வரிசையை நான்காம் தலைமுறை அமைப்பைக் கொண்டு விளக்கலாம். கைபேசி தான் இணைந்துள்ள நிலையத்தின் அலைவலிமையை மட்டுமன்றி, அண்டை நிலையங்களின் வலிமையையும் இடைவிடாது அளந்துகொண்டேயிருக்கிறது. அண்டை நிலையம் குறிப்பிட்ட அளவு, உதாரணமாக 3 டெசிபெல், மேம்பட்டுத் தோன்றி, அந்நிலை குறிப்பிட்ட காலம் நீடித்தால் அச்செய்தியைத் தன் நிலையத்திற்கு அறிவிக்கிறது. (3 டெசிபெல் என்பது திறனில் ஏறத்தாழ இருமடங்கு என்பதை மாணவர்க்கு நினைவூட்டுதல் நலம்.) பழைய நிலையம் புதிய நிலையத்தை இடம் கேட்கிறது, புதியது இடம் ஒதுக்கி இசைவு தருகிறது, அதன் பின்னரே கைபேசிக்கு 'மாறுக' என்ற கட்டளை செல்கிறது. மாறும் நேரத்தில் பழைய நிலையத்திற்கு வந்து சேர்ந்த செய்தித் துணுக்குகள் புதிய நிலையத்திற்கு அனுப்பிவைக்கப்படுகின்றன. இடையிலுண்டாகும் மௌனம் ஒரு விநாடியின் சிறு பகுதியே ஆதலால் காது அதனை உணர்வதில்லை.

மேம்பாட்டு அளவும் காத்திருக்கும் காலமும் எதற்காக என்ற வினா எழலாம். அவை இல்லையெனில், இரு அறைகளின் எல்லையில் நிற்கும் கைபேசி அலையின் சிறு ஏற்றத்தாழ்விற்கெல்லாம் பந்துபோல் இருபுறமும் எறியப்படும். சமவெளியில் இவ்வேற்பாடு நன்கு பயன்படுகிறது. மலையிலோ இதுவே இடையூறாகிறது.

மணிக்கு 20 கி.மீ. வேகத்தில் செல்லும் பேருந்து ஒரு விநாடியில் ஐந்தரை மீட்டருக்குச் சற்று மிகுதியாக நகர்கிறது. காத்திருக்கும் காலம் 640 மில்லி விநாடி எனக் கொண்டால் அதற்குள் அது கடக்கும் தொலைவு மூன்றரை மீட்டரே. எனவே இங்கு வேகம் பகையன்று; பாறைச் சுவரே பகை. வண்டி வளைவில் திரும்பியதும் கோபுரம் பாறைக்குப் பின் மறைகிறது. சில மீட்டருக்குள் வலிமை 20 டெசிபெல், அதாவது நூறில் ஒரு பங்காக, வீழக்கூடும். கைபேசி அறிவிப்பை அனுப்பினும் அது நிலையத்தை எட்டாது. எட்டினும் 'மாறுக' என்ற கட்டளை திரும்பி வாராது. விதிக்கப்பட்ட காலம் வரை காத்திருந்த பின், கருவி இணைப்பு முறிந்ததெனக் கொண்டு புதிய நிலையத்தைத் தானே தேடிச் செல்கிறது. அந்நிலையம் இதனைப் பற்றி முன்னறியாததாயின் ஏற்க மறுத்துவிடக்கூடும். விபத்திற்குள்ளான வண்டியிலிருந்து 112 என்ற அவசர எண்ணை அழைத்து இடத்தைச் சொல்லிக்கொண்டிருப்பவரின் பேச்சு இவ்வாறு பாதியில் அறுமாயின், விளைவு சிறிதன்று.

உச்சியிலோ நிலைமை இதற்கு நேர்மாறானது. அங்குக் குறை அலையின்மையன்று, அலை மிகுதி. தடையின்றிக் காணும் சமவெளிக் கோபுரங்கள் பலவும் ஒருங்கே கேட்கின்றன. திருவனந்தபுரம் நகரம் சாலை வழியே 50 கி.மீ.க்கு மேற்பட்ட தொலைவிலிருப்பினும், வான்வழியில் 30 கி.மீ.க்குச் சற்றே கூடுதல். இரண்டாம் தலைமுறை அமைப்பில் அலை சென்று திரும்பும் காலத்தைச் சரிக்கட்ட 64 படிகளே உள்ளன. படியொன்றுக்கு ஏறத்தாழ 550 மீட்டராக, எல்லை 35 கி.மீ. அளவில் முடிந்துவிடும். நான்காம் தலைமுறையில் இவ்வெல்லை 100 கி.மீ. ஆயினும் வேறொரு சிக்கல் உண்டு. அறைகளை அடையாளங்காண 504 எண்களே உள்ளமையால் தொலைவிலுள்ள அறைகளுக்கு ஒரே எண் மீண்டும் வழங்கப்படுகிறது. மலை மேலிருந்து கேட்கும் கைபேசி தொலைவிலுள்ள ஒன்றின் எண்ணை அறிவிக்க, நிலையம் அதே எண்ணுடைய அண்டை அறையென மயங்கி அங்கே இடம் கேட்கிறது. ஐந்தாம் தலைமுறையில் எண்கள் 1008 ஆக்கப்பட்டுள்ளன.

வளைவுகளுக்கு உரிய பரிகாரங்களுள் சிறந்தது 2020-இல் நிறைவுற்ற பதினாறாம் தொகுதி நியமத்தில் இடம்பெற்ற நிபந்தனைக் கைமாற்றமாகும். அலை நன்றாக இருக்கும்போதே அடுத்த நிலையத்தில் இடம் பெற்று, 'இன்ன நிலை ஏற்படின் மாறுக' என்ற கட்டளையைக் கைபேசியிடம் முன்கூட்டியே கொடுத்துவைத்தல் இதன் சாரம். பாறை மறைத்த பின் பழைய நிலையத்தின் கட்டளைக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. இவ்வசதியில்லாத இடங்களில், மலைச்சாலை அறைகளுக்கு மட்டும் காத்திருக்கும் காலத்தைக் குறைத்தலும், சமவெளிக் கோபுரங்களின் அலைவாங்கிகளைச் சற்றே கீழ்நோக்கிச் சாய்த்தலும் பயன் தரும். நகரத்திற்கு வகுத்த அளவுகளை அப்படியே மலைக்கும் இடுவது சோம்பலன்றி வேறன்று.

அளவையெடுக்கும் களப்பணியாளர் ஒவ்வொரு வளைவிலும் அறை எண், வலிமை, மாறிய இடம் ஆகியவற்றைக் குறித்தல் வேண்டும். ஏறும்போது மட்டும் அளந்து திரும்புதல் போதாது. மேம்பாட்டு அளவு இருதிசைக்கும் இருத்தலால், ஏறும்போது மாறிய இடத்திலேயே இறங்கும்போதும் மாறுவதில்லை; ஒரு திசையில் பழுதின்றிக் கடந்த வளைவே மறுதிசையில் பேச்சை அறுக்கக்கூடும்.