மறதி: எது இயல்பு, எது எச்சரிக்கை?

சௌராஸ்தா சந்தைக்குப் போய் மீன், காய்கறி எல்லாம் வாங்கி வருகிறீர்கள். எதற்காகக் கிளம்பினீர்களோ, அந்தக் கறிவேப்பிலை மட்டும் பையில் இல்லை. ஆனால் 1985-இல் பினாங்குப் பாலம் திறந்த சமயம் யாரோடு போய்ப் பார்த்தீர்கள் என்று கேட்டால் உடனே சொல்லிவிடுகிறீர்கள். "அன்றைக்கு நடந்தது ஞாபகம் இருக்கிறது, காலையில் சொன்னது இல்லையே" என்று மூத்தோர் பலர் கவலைப்படுகிறார்கள். இதற்குக் காரணம் உண்டு. அதைத் தெரிந்துகொண்டால் வீண் பயம் குறையும். மருத்துவரை எப்போது பார்க்க வேண்டும் என்பதும் தெளிவாகும்.

நினைவு எப்படி வேலை செய்கிறது?

நினைவுக்கு மூன்று படிகள் உண்டு.

1. பதிதல்: கவனித்தால்தான் ஒன்று மனத்தில் பதியும். தொலைபேசியில் பேசிக்கொண்டே சாவியை எங்கோ வைத்தால், பிறகு தேட வேண்டியதுதான். அது மறதி அல்ல. அந்த இடம் மனத்தில் பதியவே இல்லை.

2. சேமித்தல்: மூளையின் இரு பக்கங்களிலும், காதுகளுக்கு நேர் உள்ளே ஆழத்தில், ஹிப்போகாம்பஸ் என்ற சிறு பகுதி இருக்கிறது. புதிய நிகழ்ச்சிகளை நீண்டகால நினைவாக மாற்ற இது தேவை.

3. மீட்டெடுத்தல்: சேமித்ததைத் தேடி எடுப்பது. வயதாகும்போது இந்தத் தேடல் மெதுவாகும். தெரிந்தவர் பெயர் நாக்கு நுனியில் நின்று, சற்று நேரம் கழித்துத் தானாக வருவது இதனால்தான்.

அமெரிக்கரான ஹென்றி மொலேசனுக்கு 1953-இல் வலிப்பு நோய்க்காக மூளையில் அறுவை சிகிச்சை நடந்தது. இரு பக்கங்களிலும் ஹிப்போகாம்பஸின் பெரும்பகுதி அகற்றப்பட்டது. அதன் பின் சிறுவயது நினைவுகள் அவருக்கு இருந்தன. ஆனால் புதிதாகச் சந்தித்தவரைச் சில நிமிடங்களில் மறந்துவிடுவார். கண்ணாடியைப் பார்த்து வரையும் பயிற்சி ஒன்றை அவருக்குக் கொடுத்தார்கள். பயிற்சி செய்ததே அவருக்கு நினைவில்லை. ஆனாலும் கை நாளுக்கு நாள் தேறியது. பழைய நினைவு, புதிய நினைவு, கைப்பழக்கம் ஆகியவை வெவ்வேறு வகை என்பது இதனால் தெரிந்தது. கோலம் போடும் கை எளிதில் மறக்காததும் இதனால்தான்.

ஏன் மறக்கிறோம்?

ஜெர்மன் அறிஞர் எபிங்ஹாஸ் தம்மையே சோதித்து 1885-இல் ஒரு நூல் வெளியிட்டார். படித்ததில் பெரும்பகுதி முதல் சில மணி நேரத்திலேயே மறக்கிறது. அதன் பிறகு மறதியின் வேகம் குறைகிறது என்று அவர் கண்டார். இடைவெளி விட்டுத் திரும்பப் படித்தால் நினைவு நிலைக்கும். பாலம் திறந்த கதையைப் பிள்ளைகளிடமும் பேரப்பிள்ளைகளிடமும் எத்தனை முறை சொல்லியிருப்பீர்கள்! அதனால்தான் அது அழியவில்லை.

ஒரே மாதிரி நடப்பவை ஒன்றோடொன்று கலந்தும் போகும். தைப்பூசத்தில் வெள்ளி இரதம் தண்ணீர்மலைக்குப் போவதை ஆண்டுதோறும் பார்த்திருப்பீர்கள். மழை பெய்தது எந்த ஆண்டு என்று கேட்டால் குழப்பம் வருவது இயல்பே.

எது இயல்பு?

• பெயரோ சொல்லோ தாமதமாக நினைவுக்கு வருவது
• கண்ணாடியை வைத்த இடம் மறந்து, யோசித்துத் தேடிக் கண்டுபிடிப்பது
• கிழமை மறந்து, பிறகு தானே திருத்திக்கொள்வது

எது எச்சரிக்கை?

• சற்று முன் கேட்ட கேள்வியையே திரும்பத் திரும்பக் கேட்பது
• பழகிய தெருவில் வழி தவறுவது
• பல ஆண்டுகளாகச் சமைத்த குழம்பின் செய்முறை குழம்பிப்போவது
• பணக் கணக்கும் மருந்து வேளையும் அடிக்கடி தவறுவது
• குணம் மாறுவது, யாரோடும் பேசாமல் ஒதுங்குவது

இவற்றில் ஏதேனும் இருந்தால் "வயசானால் அப்படித்தான்" என்று விட்டுவிடாதீர்கள். டிமென்ஷியா எனப்படும் மறதி நோய் மூளையைப் பாதிக்கும் நோய். முதுமையின் இயல்பு அல்ல. அது பைத்தியமும் அல்ல, வெட்கப்பட வேண்டியதும் அல்ல.

திடீரெனக் குழப்பம், பேச்சுக் குழறல், வாய் கோணுதல், கை கால் பலவீனம் ஏற்பட்டால் அது பக்கவாதமாக இருக்கலாம். காத்திருக்காமல் உடனே 999-ஐ அழையுங்கள்.

எல்லா மறதியும் டிமென்ஷியா அல்ல

வைட்டமின் பி12 குறைவு, தைராய்டு கோளாறு, மனச்சோர்வு, தூக்கமின்மை, சிறுநீர்த் தொற்று ஆகியவையும் மறதியையோ குழப்பத்தையோ உண்டாக்கலாம். இவற்றுக்குச் சிகிச்சை உண்டு. தூக்க மாத்திரையும் சில சளி, அரிப்பு மாத்திரைகளும் மூளையை மந்தமாக்கலாம். எந்த மருந்தையும் நீங்களாகவே நிறுத்தாதீர்கள், மருத்துவரைக் கேளுங்கள். காது மந்தமானால் சொன்னது சரியாகக் கேட்காது, கேட்காதது பதியாது. ஆகவே காதையும் சோதித்துக்கொள்ளுங்கள்.

நினைவைக் காக்க என்ன செய்யலாம்?

• இரத்தக் கொதிப்பு, இனிப்பு நீர், கொலஸ்ட்ரால் ஆகியவற்றைக் கட்டுக்குள் வையுங்கள். இரத்தக் குழாய் கெட்டால் மூளையும் பாதிக்கப்படும்.
• புகை பிடிப்பதையும் மதுவையும் விடுங்கள்.
• வாரத்தில் பல நாள் நடங்கள். காலையில் தாவரவியல் பூங்காவில் ஒரு சுற்று நடந்தாலும் நல்லதுதான்.
• கோயில், சூராவ், தேவாலயம், மூத்தோர் மையம் என்று நாலு பேரைப் பார்த்துப் பேசுங்கள்.
• சாவிக்கு ஒரே இடம், மருந்துக்குக் கிழமை எழுதிய டப்பா, சந்தைக்கு ஒரு சீட்டு. எழுதி வைப்பது பலவீனம் அல்ல.
• புதியவர் பெயரை உடனே ஒருமுறை, பத்து நிமிடம் கழித்து ஒருமுறை, மறுநாள் ஒருமுறை சொல்லிப் பாருங்கள்.

கிளினிக்குக்குப் போகும்போது

அருகிலுள்ள அரசு சுகாதார கிளினிக்கில் முதலில் காட்டுங்கள். சாப்பிடும் மருந்துகள் அனைத்தையும், நாட்டு மருந்து உட்பட, ஒரு பையில் போட்டு எடுத்துச் செல்லுங்கள். மாற்றங்களை நேரில் கண்ட ஒருவரையும் அழைத்துச் செல்லுங்கள்.

நினைவுச் சோதனையில் தேதி, இடம் போன்றவற்றைக் கேட்பார்கள். மலாயிலோ ஆங்கிலத்திலோ கேட்கும் கேள்வி புரியாவிட்டால், பதில் தெரிந்தும் மதிப்பெண் குறையும். எனவே தமிழில்தான் நன்றாகப் புரியும் என்று தொடக்கத்திலேயே சொல்லுங்கள். உடன் வருபவர் கேள்வியை மொழிபெயர்க்கலாம். பதிலை நீங்களே சொல்ல வேண்டும். பிள்ளைகளே, அம்மா அப்பா தடுமாறும்போது முந்திக்கொண்டு பதில் சொல்லாதீர்கள். உண்மை நிலை மருத்துவருக்குத் தெரிந்தால்தான் சரியான உதவி கிடைக்கும்.