தெளிந்த நீரும் தூய நீரும்

இராயபுரத்திலும் திருவொற்றியூரிலும் கடலைக் கண்டே வளரும் இளைஞர்கள், வண்ணமீன் வாங்கக் கொளத்தூருக்குச் செல்கின்றனர். அலங்கார மீன் வளர்ப்பிற்கும் விற்பனைக்கும் பெயர் பெற்ற பகுதி அது. வாங்கிய அன்றே புதுத் தொட்டியில் குழாய்நீரை நிரப்பிப் பத்து மீன்களை விடுகின்றனர். சில நாள்களில் அவை ஒவ்வொன்றாய் இறந்து மிதக்கின்றன. "நீர் தெளிவாகத்தானே இருந்தது?" என்று வியக்கின்றனர். தெளிந்த நீரெல்லாம் தூய நீராகாது என்பதே இதற்கு விடை.

முதற்பகை குளோரின். குடிநீரில் நோய்க்கிருமிகளை அழிக்கச் சேர்க்கப்படும் இது மீனின் செவுள்களைப் புண்படுத்தும். நீரை அகன்ற பாத்திரத்தில் ஒரு நாள் திறந்து வைத்தால் பெரும்பாலும் அகன்றுவிடும். மீஞ்சூர் வட்டாரத்தில் கடல்நீர் நிலத்தடியில் புகுந்து ஊற்றுகளை உவர்ப்பாக்கியுள்ளது. எனவே, ஆழ்குழாய் நீரைச் சோதித்த பின்னரே பயன்படுத்த வேண்டும்.

இரண்டாம் பகை அம்மோனியா. மீன் தன் கழிவைப் பெரும்பாலும் செவுள்வழி அம்மோனியாவாகவே வெளியிடுகிறது. மிஞ்சிய உணவும் அழுகி அதனையே தருகிறது. நைட்ரோசோமோனாஸ் போன்ற பாக்டீரியாக்கள் அதனை நைட்ரைட்டாகவும், நைட்ரோஸ்பைரா போன்றவை நைட்ரைட்டை நைட்ரேட்டாகவும் மாற்றுகின்றன. முன்னிரண்டும் கொடிய நஞ்சு. நைட்ரேட்டோ சிறிதளவில் தீங்கற்றது. பள்ளிவாசல் ஹவுளில் மீன்கள் நெடுநாள் வாழக் காண்கிறோம். பரந்த நீரும், சுவரில் படிந்த வழுவழுப்பான படலத்தில் குடியிருக்கும் இந்நுண்ணுயிர்களும் அதற்குத் துணை. புதுத் தொட்டியில் அவை பெருக நான்கு முதல் ஆறு வாரங்கள் ஆகும்.

ஆகவே, தொடக்கத்தில் உறுதியான இரண்டு மூன்று சிறு மீன்களே போதும். நன்கு நடைபெறும் தொட்டியிலிருந்து வடிகட்டிப் பஞ்சில் ஒரு துண்டு பெற்று இட்டால் காத்திருக்கும் காலம் குறையும். ஓரிரு நிமிடங்களில் தின்று தீர்க்கும் அளவே உணவிடுக. வாரந்தோறும் நான்கில் ஒரு பங்கு நீரை மாற்றுக. பஞ்சைக் குழாய்நீரில் கழுவினால் நுண்ணுயிர்கள் மடியும். தொட்டியிலிருந்து எடுத்த நீரிலேயே அலசுக. அந்நீரைச் செடிக்கு ஊற்றினால் உரமாகும். ஆற்றங்கரையில் ஒளுச் செய்யினும் நீரை வீணாக்கலாகாது என்னும் நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் போதனையைப் போற்றுவோர்க்கு இது பொருந்திய செயலன்றோ!

அம்மோனியா இப்பகுதியினர்க்குப் புதிய பெயரன்று. 2023 டிசம்பர் 26 நள்ளிரவில் எண்ணூர்ப் பெரியகுப்பம் அருகே கடலடிக் குழாயிலிருந்து அது கசிந்தபோது, மக்கள் மூச்சுத் திணறி, குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு வீதிக்கு ஓடினர். அவர்கட்கு ஓட வீதியேனும் இருந்தது. தொட்டி மீனுக்கு அதுவும் இல்லை. நம்மிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதம் அது. மீனை வாங்குமுன் அதற்குரிய நீரைப் பக்குவப்படுத்துவதே நம் முதற்கடமை.