தட்டில் கொட்டிப் பார்த்த பிறகே விலை

தேனி மாவட்டம் போடிநாயக்கனூரில் நறுமணப் பொருள்கள் வாரியத்தின் மையத்தில் ஏலக்காய் விற்பனை கணினி வழியாகத்தான் நடக்கிறது. வியாபாரிகள் திரையைப் பார்த்து விலை கேட்கிறார்கள். ஆனால் அதற்கு முன் மாதிரிக் காய் அவர்கள் கைக்கு வந்தாக வேண்டும். நிறம், பருமன், காய்ந்த பதம் எல்லாவற்றையும் கண்ணும் விரலும் ஒப்புக்கொண்ட பிறகே தொகை ஏறும். கூவிக் கேட்கும் வேலையைக் கணினி எடுத்துக்கொண்டது. காய் பார்க்கும் வேலை இன்னும் ஆளிடம்தான் இருக்கிறது.

கணினி நிரல் எழுதும் வேலைக்கும் இதே பாடம் பொருந்தும். கோடிங் படிக்கும் பிள்ளைகளின் காதில் இப்போது ஓயாமல் விழும் பேச்சு ஒன்று உண்டு: “ஏஐ எழுதிக் கொடுத்துவிடும், நீ கற்று என்ன ஆகப்போகிறது?”

நிறைய ஆகப்போகிறது. அமெரிக்க ஆய்வாளர்கள் 16 ஏஐ மாடல்களை 5.76 லட்சம் கோடு மாதிரிகள் எழுத வைத்துச் சோதித்தார்கள். அவை பரிந்துரைத்த பேக்கேஜ்களில், அதாவது இறக்கிச் சேர்த்துக்கொள்ளும் ஆயத்த நிரல் தொகுப்புகளில், ஏறத்தாழ ஐந்தில் ஒன்று எங்குமே இல்லாதது. பெயர் மட்டும் அசல் போலவே இருக்கும். அந்தப் பெயரில் ஒருவன் நச்சு நிரலைப் பதிவேற்றி வைத்தால், சரிபார்க்காமல் இறக்கியவரின் கணினி அவன் கைக்குப் போய்விடும். கோடு படிக்கத் தெரியாதவர் இதை எப்படிக் கண்டுபிடிப்பார்?

சரி, வேகமாவது கூடுமா? அதுவும் எப்போதும் இல்லை. 2025-இல் மீட்டர் என்ற அமெரிக்க ஆய்வு அமைப்பு, அனுபவமுள்ள 16 நிரலாளர்களுக்கு அவர்கள் நன்கு பழகிய திட்டங்களிலேயே 246 வேலைகளைக் கொடுத்தது. ஏஐ துணையோடு செய்த வேலைகள் 19 சதவீதம் கூடுதல் நேரம் பிடித்தன. வியப்பு என்னவென்றால், முடித்த பிறகும் அவர்கள் 20 சதவீதம் வேகமாகச் செய்ததாகவே நம்பினார்கள்.

“அனுபவசாலிக்குத் தொழில் மறக்காது” என்பதும் ஆட்டம் காண்கிறது. போலந்தில் பெருங்குடல் உள்நோக்கிச் சோதனை செய்யும் தேர்ந்த மருத்துவர்களிடம் நடத்தப்பட்டு 2025-இல் வெளியான ஆய்வு இதைக் காட்டியது. ஏஐ கருவி வந்த பிறகு, அது இல்லாமல் செய்த சோதனைகளில் கட்டிகளைக் கண்டறியும் விகிதம் 28.4 சதவீதத்திலிருந்து 22.4 ஆகக் குறைந்தது.

இதற்காக ஏஐ-யை ஒதுக்க வேண்டியதில்லை. போடி வியாபாரிகள் கணினியை ஒதுக்கவில்லையே. எரர் வந்தால் அரை மணி நேரமாவது தானே தேடிப் பார்ப்பது, ஏஐ தந்த ஒவ்வொரு வரியும் என்ன செய்கிறதென்று சொல்லத் தெரிந்த பிறகே சேர்ப்பது: இந்த இரண்டு பழக்கமும் கையை மழுங்க விடாது. தேனி மாவட்டக் கல்லூரிகள் வாரத்தில் ஓர் ஆய்வக வகுப்பையாவது ஏஐ இல்லாமல் நடத்த வேண்டும்.