மருந்தும் கிருமியும்: கணிப்பொறி போடும் கணக்கு

எந்த மருந்து எந்தக் கிருமியை அடக்கும்? இதற்கு உறுதியான விடை வேண்டுமானால், கண்ணாடித் தட்டில் கிருமியை வளர்த்து, மருந்தை இட்டுப் பார்க்க வேண்டும். 1928-ல் அலெக்சாண்டர் பிளெமிங் பெனிசிலினைக் கண்டறிந்ததும் அத்தகைய தட்டில்தான். ஆனால், மருந்துகளோ ஆயிரக்கணக்கில், கிருமிகளோ நூற்றுக்கணக்கில். எல்லாவற்றையும் சோதிக்க ஆயுள் போதாது. எதை முதலில் சோதிக்கலாம் என்று சொல்லவே 'இயந்திரக் கற்றல்' என்னும் கணிப்பொறி முறை துணைக்கு வருகிறது.

கட்டத்தாள் பாடம்

ஒரு பெரிய கட்டத்தாளை நினைத்துக்கொள்ளுங்கள். இடப்பக்கம் மருந்துகளின் பெயர்கள். மேல்வரிசையில் நுண்ணுயிர்களின் பெயர்கள். தொடர்பு உண்டு என்று தெரிந்த கட்டத்தில் மட்டும் ஒரு புள்ளி. ஆராய்ச்சியாளர்கள் பயன்படுத்தும் எம்.டி.ஏ.டி. என்ற தகவல் தொகுப்பில் 1,373 மருந்துகள், 173 நுண்ணுயிர்கள். பெருக்கினால் 2,37,529 கட்டங்கள்! புள்ளி உள்ளவை 2,470 மட்டுமே. ஏறக்குறைய நூற்றுக்கு ஒன்று. மற்றவை வெற்றுக் கட்டங்கள். வெற்றுக் கட்டம் என்றால் 'தொடர்பு இல்லை' என்று பொருளல்ல. யாரும் இன்னும் சோதிக்காமலும் இருக்கலாம்.

ஒத்த அமைப்புள்ள மருந்துகள், ஒத்த நுண்ணுயிர்களிடம் ஒரே மாதிரி செயல்படக்கூடும். இந்த அடிப்படையில் கணிப்பொறி, ஒவ்வொரு வெற்றுக் கட்டத்துக்கும் ஒரு மதிப்பெண் போடுகிறது. அதற்குப் பரீட்சையும் உண்டு. தெரிந்த புள்ளிகளில் சிலவற்றை மறைத்துவிட்டு, அவற்றைக் கண்டுபிடிக்கிறதா என்று பார்ப்பார்கள்.

ஹாலிசின்

இதே வழியில் நடந்த ஒரு முயற்சி 2020-ல் பெயர் பெற்றது. அமெரிக்காவின் எம்.ஐ.டி. விஞ்ஞானிகள், சுமார் 2,300 வேதிப்பொருள்களில் எவை ஈ.கோலை பாக்டீரியாவின் வளர்ச்சியைத் தடுக்கின்றன என்று சோதித்து, அந்த முடிவுகளைக் கணிப்பொறிக்குக் கற்பித்தார்கள். பிறகு சுமார் 6,000 பொருள்களைக் காட்டினார்கள். அது சுட்டியவற்றுள் ஒன்று, முன்பு நீரிழிவுக்காக ஆராயப்பட்டது! ஹாலிசின் என்று பெயரிடப்பட்ட அது, பல மருந்துகளுக்கும் அடங்காத அசினெட்டோபாக்டர் பௌமானி கிருமியை எலிகளில் அடக்கியது. ஆனால், சூடோமோனாஸ் கிருமியிடம் அதன் ஜம்பம் பலிக்கவில்லை.

அடுத்து 10 கோடிக்கு மேற்பட்ட மூலக்கூறுகளைக் கணிப்பொறி சலித்தது. அவற்றிலிருந்து பொறுக்கியெடுத்து ஆய்வகத்தில் சோதித்தவை 23. பலன் தந்தவை 8. ஆக, கணிப்பொறி சொல்வது ஊகம். தீர்ப்பு சொல்வது ஆய்வகம். அதன்பின் மனிதர்களிடம் செய்யும் சோதனைகளுக்கு ஆண்டுக்கணக்கில் ஆகும். ஹாலிசின் இன்னும் மருந்துக் கடைக்கு வரவில்லை.

நம் வீட்டுப் பாடம்

புது மருந்து கிடைப்பது இத்தனை அரிது. இருக்கும் மருந்துகளையோ நாம் வீணாக்குகிறோம். வேற்றூரில் பழகிய டாக்டர் இல்லையே என்று, ஊரிலிருந்து வந்த பழைய சீட்டைக் காட்டி ஆன்டிபயாடிக் வாங்குவதும், சளிக்காய்ச்சலுக்கெல்லாம் அதை விழுங்குவதும் நம் வீடுகளில் நடப்பதுதான். சாதாரண ஜலதோஷம் வைரஸால் வருவது. அதற்கு ஆன்டிபயாடிக் பயன்படாது. தேவையின்றி விழுங்கினால், உடலிலுள்ள பாக்டீரியாக்களில் மருந்தை எதிர்க்கவல்லவை தப்பிப் பெருகும். பிறகு உண்மையான தேவை வரும்போது மருந்து கைவிடும்.

மாத்திரை அட்டையின் ஓரத்தில் சிவப்புக் கோடு இருந்தால், டாக்டர் சீட்டு இல்லாமல் சாப்பிடக் கூடாது என்று பொருள். இன்றே உங்கள் பிள்ளைகளை வீட்டு மருந்துப் பெட்டியில் அந்தக் கோட்டைத் தேடச் சொல்லுங்கள்.