மகளைப் பிசியோதெரபி படிக்க வைக்கப் போறீங்களா? முதலில் கணக்குப் போடுங்க!



2021 ஆகஸ்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில், பக்கவாதம் வந்து படுத்தவர்களுக்கு வீட்டுக்கே வந்து கை, கால் பயிற்சி கொடுப்பதைப் பார்த்திருப்பீங்க. அந்த வேலைக்கான பட்டப்படிப்புதான் பி.பி.டி. என்கிற பிசியோதெரபி. தமிழில் இயன்முறை மருத்துவம். நல்ல படிப்புதான். ஆனால் முதல் வருடம் நகையை வைத்து, இரண்டாம் வருடம் மாட்டை விற்று, மூன்றாம் வருடம் வழியில்லாமல் நின்றால் பணமும் போச்சு, பிள்ளையின் படிப்பும் போச்சு. அப்படி ஆகாமல் இருக்கத்தான் இந்த மாதப் பாடம்.

1. படிப்பைத் தெரிஞ்சுக்கோங்க

+2வில் இயற்பியல், வேதியியல், உயிரியல் படித்திருக்கணும். தமிழ்நாட்டில் இது நாலரை வருடப் படிப்பாக இருந்தது. 2025ல் வெளியான தேசியப் பாடத்திட்டத்தில் பயிற்சிக் காலத்தோடு சேர்த்து 5 வருடம். அதனால் கணக்கை 5 வருடத்துக்கே போடுங்க. நீட் தேர்வு வேண்டுமா என்பதை அந்தந்த வருட விளக்கக் குறிப்பேட்டில் பார்த்துக்கோங்க.

ஆறு மாதம், ஒரு வருடம் என்று நடத்தும் சான்றிதழ்ப் படிப்பு பி.பி.டி. ஆகாது. பெயரில் பிசியோதெரபி என்று இருந்தாலும் ஏமாந்துடாதீங்க.

2. கல்லூரியில் என்ன கேட்கணும்?

• எந்தப் பல்கலைக்கழகத்தோடு இணைந்தது? (தமிழ்நாடு டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகமா, நிகர்நிலைப் பல்கலைக்கழகமா?)
• பிள்ளைகள் நோயாளிகளிடம் பயிற்சி எடுக்க எந்த ஆஸ்பத்திரி?
• எல்லா வருடத்துக்கும் கட்டணம் எவ்வளவு? எழுத்தில் வாங்குங்க.

திருச்சியில் அரசு பிசியோதெரபி கல்லூரி இருக்கு. அரசு இடங்களுக்கும், தனியார் கல்லூரியில் உள்ள அரசு ஒதுக்கீட்டு இடங்களுக்கும் மருத்துவக் கல்வித் தேர்வுக் குழு மூலம் விண்ணப்பிக்கலாம். அதற்கு விண்ணப்பிக்காமல் புரோக்கரிடம் அட்வான்ஸ் கொடுக்காதீங்க.

3. கணக்குப் போடுவோம்

ஓர் உதாரணம். வருடத்துக்குக் கல்விக் கட்டணம் ரூ.50,000, விடுதி, சாப்பாடு ரூ.45,000, புத்தகம், தேர்வு, பஸ் ரூ.10,000. மொத்தம் ரூ.1,05,000. ஐந்து வருடத்துக்கு ரூ.5,25,000. கல்லூரிக்காரர் சொல்வது முதல் வரியை மட்டும். நாம் கட்டப்போவது கடைசி வரியை.

4. பணம் எங்கே வாங்குவது?

ஒரு லட்சம் ரூபாயை 3 வட்டிக்கு வெளியில் வாங்கினால் வருடத்துக்கு வட்டி மட்டும் ரூ.36,000. குழுவில் 1 வட்டிக்கு வாங்கினால் முதல் வருடம் அதிகபட்சம் ரூ.12,000. ஆனால் குழுக்கடனுக்கு அடுத்த மாதமே தவணை கட்டணும். பிள்ளை சம்பாதிக்கவோ இன்னும் 5 வருடம் ஆகும். எனவே பெரிய தொகைக்கு வங்கிக் கல்விக்கடன்தான் சரி. படிப்பு முடிந்து ஒரு வருடம் கழித்துத்தான் தவணை தொடங்கும். ரூ.4 லட்சம் வரை சொத்து அடமானம் கேட்கக் கூடாது.

குடும்ப ஆண்டு வருமானம் ரூ.4.5 லட்சத்துக்குள் இருந்தால், படிக்கும் கால வட்டிக்கு மத்திய அரசின் மானியத் திட்டம் இருக்கு. ஆனால் எல்லாக் கல்லூரிக்கும் அது கிடைக்காது. “இந்தக் கல்லூரிக்கு வட்டி மானியம் வருமா?” என்று வங்கி மேலாளரிடம் சேர்வதற்கு முன்பே கேளுங்க.

அரசுப் பள்ளியில் 6 முதல் 12 வரை படித்த பெண்ணுக்கு, 2022ல் தொடங்கிய புதுமைப்பெண் திட்டத்தில் மாதம் ரூ.1,000. ஆதிதிராவிடர், பழங்குடியினர் பிள்ளைகளுக்கு ஆண்டு வருமானம் ரூ.2.5 லட்சத்துக்குள் இருந்தால் கல்வி உதவித்தொகை உண்டு. வருமானச் சான்று, சாதிச் சான்று, முதல் பட்டதாரிச் சான்று மூன்றையும் தேர்வு முடிவு வரும் முன்பே இ-சேவை மையத்தில் எழுதிப் போடுங்க.

விண்ணப்பக் கட்டணம், முதல் நாள் செலவு, கடன் வரும்வரை தாக்குப்பிடிப்பது இதற்குத்தான் குழுக்கடன்.

குழுக் கூட்டத்தில் பேச:

1. நம் குழுவில் இந்த வருடம் +2 எழுதும் பிள்ளைகள் எத்தனை பேர்?
2. யார் யாரிடம் மூன்று சான்றும் தயாராக இருக்கு?
3. படிப்புச் செலவுக்கென்று தனி உள்கடன் கொடுக்கத் தீர்மானம் போடலாமா?

மகனுக்குச் செலவு, மகளுக்குச் சீர் என்று பிரித்துப் பார்த்த காலம் போகட்டும். சீருக்குச் சேர்க்கும் பணத்தில் ஒரு பங்கு படிப்புக்குப் போகட்டும், சகோதரிகளே!